25 ஆயிரம் ரூபாயில் மலை வீட்டில் ஒலிப்பதிவு அறை: முதல் செலவு எதற்கு?

தம்பி, மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் வீடு. நீங்கள் பாடுவீர்கள், அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பீர்கள். நண்பர் கீபோர்டு. தமிழிலும் படுகு மொழியிலும் சொந்தப் பாட்டு ஏழெட்டு கைவசம் இருக்கிறது. கையில் 25 ஆயிரம் ரூபாய், 8 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப். மாடியில் பத்துக்குப் பத்து அறை, மேலே தகர ஷீட். கடையில் கண்டென்சர் மைக் செட் ஒன்றைக் காட்டி "இது ஒன்று போதும், ஸ்டுடியோ ரெடி" என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்க வேண்டாம். அது மட்டுமில்லை, இந்த வாரம் எதையுமே வாங்க வேண்டாம்.

குன்னூர் பக்கம் பதினைந்து வருடமாக வீட்டு அறையில்தான் பதிவு செய்துவருகிறேன். பஜனைக் குழு, சர்ச் பாடகர் குழு, படுகுப் பாட்டு, பள்ளி ஆண்டு விழாப் பாட்டு என்று எல்லாம் வந்திருக்கின்றன. சென்னையில் இருப்பவர் போடும் பட்டியலை அப்படியே நாம் வாங்கினால் பாதிப் பணம் வீண். நம் ஊரில் பதிவைக் கெடுப்பவை இரண்டு: மொட்டைச் சுவரின் எதிரொலி, காற்றில் இருக்கும் ஈரம். இரண்டையும் கவனிக்க உங்கள் பணத்தில் ஒரு பங்கை முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். மிச்சத்தில்தான் மைக்.

முதல் வேலைக்குக் காசே வேண்டாம். அந்த அறையில் கதவைச் சாத்திவிட்டு போனை ஒரு தலையணை மேல் வையுங்கள். ரெக்கார்டரை ஓடவிட்டு ஒரு நிமிடம் அசையாமல் இருங்கள். விடியற்காலை 5 மணிக்கு ஒன்று, 11 மணிக்கு ஒன்று, மாலை 4 மணிக்கு ஒன்று, இரவு 9 மணிக்கு ஒன்று என நான்கு பதிவுகள். பிறகு இயர்போனில் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். காதுக்குப் பழகிப்போனதால் நாம் கவனிக்காத எல்லாம் அதில் இருக்கும். கீழே ஃபிரிட்ஜ் ஓடுவது, டியூப்லைட்டின் ரீங்காரம், சுவர்க் கடிகாரம், வளைவில் கியர் மாற்றும் பஸ், எங்கோ நாய். எங்கள் வீட்டில் முதன்முதலாக இதைச் செய்தபோது தாழ்ந்த குரலில் ஒரு 'ம்ம்ம்' விடாமல் கேட்டது. இரண்டு நாள் தேடிய பிறகுதான் தெரிந்தது, அது முக்கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் டீ ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மின்விசிறி. அது எப்போது ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகு என் பதிவு நேரமே மாறிவிட்டது.

விடியற்காலைதான் மிக அமைதி என்று நினைப்போம். வண்டிச் சத்தத்தைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் பக்கத்தில் ஓடை இருந்தால் இருட்டு விலகும் முன்பே சீகாரப் பூங்குருவி சீட்டி அடிக்க ஆரம்பித்துவிடும். கேட்க அவ்வளவு அழகு, ஆனால் அது உங்கள் பாட்டின் சுருதியில் பாடாது. எனக்கு வாய்த்த நல்ல நேரம் காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டரை வரை, அப்புறம் இரவு ஒன்பதுக்கு மேல். உங்களுக்கு எது என்று அந்த நான்கு பதிவுகள் சொல்லும்.

சரி, கண்டென்சர் மைக்கை ஏன் வேண்டாம் என்கிறேன்? என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் முதலில் வாங்கியதும் கண்டென்சர்தான். புரட்டாசியில் வாங்கினேன், அருமையாக இருந்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பாட்டு நடுவே 'சடசட'வென்று எண்ணெயில் கடுகு வெடிப்பது போலச் சத்தம். கேபிளை மாற்றினேன். லேப்டாப்பை மாற்றினேன். இன்டர்ஃபேஸ்தான் போச்சு என்று நினைத்து எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்கினேன். அங்கே கடையில் மாட்டினால் ஒரு சத்தமும் இல்லை. பத்து நிமிடம் பாடிக் காட்டினேன், கண்ணாடி போலத் தெளிவு. மேலே வந்து மாட்டினேன், மறுபடி சடசட. இரண்டாவது தடவை இறங்கியபோதுதான் அங்கிருந்த வயதான டெக்னீஷியன் மைக்கைக் கையில் வாங்கி, "ஊட்டிப் பக்கமா?" என்று கேட்டார்.

விஷயம் இதுதான். கண்டென்சர் மைக்கின் தலைக்குள் மிக மெல்லிய ஒரு சவ்வும், மயிரிழை இடைவெளியில் அதற்குப் பின்னால் ஓர் உலோகத் தட்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மின்னேற்றம் நிற்கிறது. ஒலி பட்டுச் சவ்வு அசையும்போது அந்த இடைவெளி மாறுகிறது, அதுவே சிக்னல். இதற்காகத்தான் 48 வோல்ட் பாண்டம் பவர், அதாவது மைக் கேபிள் வழியாகவே வரும் மின்சாரம், கேட்கிறது. அந்த இடைவெளியில் ஈரம் படிந்தால் மின்னேற்றம் கசியும். கசிவு ஒவ்வொன்றும் ஒரு 'சட்'. கீழே வெயிலில் இறங்கியதும் அது காய்ந்துவிடுகிறது, சத்தமும் போய்விடுகிறது. பாடும்போது வரும் மூச்சின் ஈரமும் சேர்ந்தால் இன்னும் மோசம். டைனமிக் மைக்கில் இந்தக் கவலை இல்லை. ஒரு சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், ஒரு காந்தம், அவ்வளவுதான். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்தாலும் அது வேலை செய்யும்.

"கண்டென்சர் அறையின் எதிரொலியையும் சேர்த்து எடுக்கும், டைனமிக் எடுக்காது" என்று பலர் சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. பெரும்பாலும் அது தூரத்தின் விளைவு. கண்டென்சரை ஓர் அடி தள்ளி வைத்துப் பாடுகிறோம், டைனமிக்கை வாய்க்கு நான்கு விரற்கடை அருகில் வைத்துப் பாடுகிறோம். அருகில் பாடும்போது குரல் பெரிதாகவும் அறை சிறிதாகவும் விழுகிறது. சரிசெய்யாத அறைக்கு இது பெரிய வசதி.

டைனமிக்கில் உலகம் முழுக்கப் பழகிய மைக் ஷூர் எஸ்எம்58. 1966இல் வந்தது, இன்றும் அதே வடிவம். அதற்குப் பணம் பத்தாது என்றால் பெஹ்ரிங்கர் போன்ற நிறுவனங்களின் மலிவான டைனமிக் மைக் ஒன்றை 3,500 ரூபாய்க்குள் எடுங்கள், ஆரம்பத்துக்குத் தாராளம். எஸ்எம்58 பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். போலிகள் சந்தையில் ஏராளம். உண்மையான மைக் கேபிள் இல்லாமல் 298 கிராம் இருக்கும். பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். இருபது முப்பது கிராம் குறைந்தாலும் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்து இன்டர்ஃபேஸ். மைக்கின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி, எண்ணாக மாற்றி, லேப்டாப்புக்குக் கொடுக்கும் சின்னப் பெட்டி. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, எம்-ஆடியோ எம்-ட்ராக், பெஹ்ரிங்கர் யூஎம்சி வரிசை என்று பல இருக்கின்றன. பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம், நான்கு விஷயங்களைப் பாருங்கள். ஒரு எக்ஸ்எல்ஆர் (மூன்று பின்) மைக் சாக்கெட், கிட்டாரோ கீபோர்டோ செருக ஒரு லைன் சாக்கெட், லேட்டன்ஸி (தாமதம்) இல்லாமல் நம் குரலை நாமே கேட்க டைரக்ட் மானிட்டர் வசதி, அப்புறம் யூஎஸ்பியிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும் வகை. நம் ஊருக்கு இந்தக் கடைசி விஷயம் மிக முக்கியம். காற்றடித்து ஒரு கற்பூர மரம் கம்பி மேல் சாய்ந்தால் அன்றைக்குக் கரண்ட் வருமா என்று யாருக்கும் தெரியாது. யூஎஸ்பி கரண்டில் ஓடும் இன்டர்ஃபேஸ் என்றால் லேப்டாப் பேட்டரி இருக்கும்வரை பதிவு நிற்காது.

பேட்டரியில் ஓட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. பழைய வீடுகளில் எர்த்திங் சரியாக இருக்காது. ஹெட்போனில் 'ம்ம்' என்று 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் கேட்டால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். சத்தம் நின்றால் தப்பு மைக்கில் இல்லை, சார்ஜர் வழியில். பாடும்போது பேட்டரி, இடைவேளையில் சார்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இரைச்சலை நிறுத்துகிறேன் என்று எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் வெட்டாதீர்கள். உலோக மைக்கை உதட்டருகே வைத்துப் பாடுகிறவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

இப்போது அறை. பத்துக்குப் பத்து என்று எழுதியிருந்ததைப் படித்ததும் ஒரு கேள்வி தோன்றியது: கிட்டாரில் ஐந்தாவது கம்பி மட்டும் அந்த அறையில் 'பொம்' என்று தனியாகத் தூக்கிக் கேட்கிறதா? பாருங்கள். பத்தடி என்பது சுமார் 3.05 மீட்டர். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் அளவில். இந்த இரண்டு சுவர்களுக்கு நடுவே தானாக அதிரும் சுருதிகளில் முதலாவது சுமார் 56 ஹெர்ட்ஸ், இரண்டாவது சுமார் 112 ஹெர்ட்ஸ். கிட்டாரின் ஐந்தாவது கம்பி, அதாவது ஏ, 110 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு பக்கச் சுவர்களும் சேர்ந்து அந்த ஒரே சுருதியைத் தூக்கிவிடுகின்றன. நடு அறையில் உட்கார்ந்தால் அது உச்சத்தில் கேட்கும். அதனால் நடுவில் உட்காராதீர்கள். ஒரு சுவரிலிருந்து மூன்று, மூன்றரை அடியில் நாற்காலி போட்டு, ஒரு அடி முன்னும் பின்னும் நகர்த்தி, அந்தக் கம்பியை மீட்டிக்கொண்டே இடம் தேடுங்கள். எல்லாக் கம்பியும் ஒரே அளவில் கேட்கும் இடத்தில் தரையில் சாக்பீஸால் குறி போடுங்கள்.

அடுத்து, கைதட்டிப் பாருங்கள். தட்டிய பிறகு 'டிங்ங்' என்று உலோக வாலுடன் ஒரு சத்தம் தொடர்ந்தால், எதிரெதிர் மொட்டைச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்தாடுகிறது என்று அர்த்தம். இதற்கு முட்டை அட்டை ஒட்டாதீர்கள். அது ஒலியை உறிஞ்சுவது மிகக் குறைவு. ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும், தீப்பொறி பட்டால் சட்டென்று பற்றும். ஒரு அங்குல ஸ்பாஞ்சுத் தகடும் உயர்ந்த சுருதிகளை மட்டும் விழுங்கிவிட்டு, பொம்மென்ற பகுதியை அப்படியே விட்டுவிடும். அறை அடைத்துப்போன மாதிரி கேட்கும்.

மலைக்காரர் வீட்டில் நல்ல பொருள் ஏற்கெனவே இருக்கிறது: கம்பளி, ரஜாய், பஞ்சு மெத்தை. அவற்றை எங்கே போடுகிறோம் என்பதில்தான் காரியம் இருக்கிறது. எல்லோரும் மைக்குக்குப் பின்னால் தொங்கவிடுகிறார்கள். எஸ்எம்58 போன்ற மைக் முன்பக்கத்தைத்தான் கேட்கும், பின்பக்கம் அதற்குக் காது மந்தம். அதன் முன்பக்கம் என்ன இருக்கிறது? நீங்கள், உங்களுக்குப் பின்னால் உள்ள சுவர். உங்கள் குரல் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, உங்கள் முதுகுப் பக்கச் சுவரிலும் பட்டு, மைக்கின் வாய்க்குள் நேராக வருகிறது. ஆகவே முதல் ரஜாய் உங்கள் முதுகுக்குப் பின்னால். துணி நிறைந்த பீரோ இருந்தால் அதன் கதவைத் திறந்துவைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். இரண்டாவது ரஜாய் பக்கவாட்டில். தரையில் ஒரு பழைய ஜமுக்காளம். இந்த அளவுக்கே பதிவில் பாதி மாற்றம் தெரிந்துவிடும்.

கொஞ்சம் பணம் போட முடிந்தால் ராக்வூல் (பாறையை உருக்கி எடுத்த நார்) பலகை வாங்கி, இரண்டுக்கு நான்கடி மரச்சட்டம் நான்கு செய்யுங்கள். இரண்டு அங்குலக் கனம், மேலே காற்றுப் போகும் பருத்தித் துணி. வெட்டும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம், அதன் நார் தோலையும் தொண்டையையும் அரிக்கும். இந்தச் சட்டங்களைச் சுவரோடு ஒட்டி அடிக்காதீர்கள். கீழே இரண்டு கால் வைத்து, சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். பின்னால் காற்று இடைவெளி இருந்தால் இன்னும் தாழ்ந்த சுருதி வரை உறிஞ்சும் என்பது பொதுவான காரணம். நமக்கு வேறொரு காரணமும் உண்டு: சுவரோடு ஒட்டினால் அடுத்த மழைக்காலத்துக்குள் பின்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. நான் நான்கு சட்டங்களை அப்படி இழந்திருக்கிறேன். மாதம் ஒரு தடவை வெயில் வரும் நாளில் வெளியே எடுத்து வைத்துத் தட்டிவிடுங்கள். காலால் நிற்பவை என்றால் அதுவும் சுலபம்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒலிக்காகக் கதவு ஜன்னல் இடுக்கையெல்லாம் துணி வைத்து அடைப்போம். மார்கழியில் விரல் விறைத்து கிட்டார் வாசிக்க முடியாது. அந்த அறைக்குள் கரி அடுப்பைக் கணப்புக்காகக் கொண்டுவந்து வைக்காதீர்கள். ஐந்து நிமிடம் என்றாலும் வேண்டாம். அடைத்த அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமோ மணமோ கிடையாது, தூக்கம் வருவது போலத்தான் இருக்கும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். பதிவுக்கு அரை மணி முன்னால் மின் ஹீட்டரைப் போட்டு அறையைச் சூடாக்குங்கள், காற்றின் ஈரப்பதமும் கொஞ்சம் இறங்கும். பாடத் தொடங்கும்போது அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு மணிக்கும் கதவைத் திறந்து காற்று விடுங்கள்.

தகர ஷீட் மேல் விழும் மழையை 25 ஆயிரத்தில் தடுக்க முடியாது. இரண்டு லட்சத்திலும் சந்தேகம்தான். ரஜாய் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், வெளியிலிருந்து வருவதை நிறுத்தாது. வெளிச் சத்தத்தை நிறுத்தக் கனமான சுவரும் காற்றுப் புகாத இடுக்கும் வேண்டும், உங்கள் கூரையில் இரண்டும் இல்லை. எனவே மழை நாளில் பாட வேண்டாம். அன்றைக்குக் கீபோர்டு, ட்ரம் ப்ரோக்ராமிங், எடிட்டிங், மிக்ஸ். மேகம் மூடிய, காற்று அசையாத நாள் வந்தால் மைக்கை எடுத்துவிடுங்கள். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் ஐப்பசி கார்த்திகைதான் கஷ்டம். கூடலூர், தேவாலாப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆனி ஆடி. தை முதல் பங்குனி வரை நமக்கு நல்ல பருவம். குரல் பதிவையெல்லாம் அந்த மூன்று மாதத்தில் முடிக்கத் திட்டமிடுங்கள்.

ஹெட்போனுக்கு 4,500 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். காதை முழுதாக மூடும் வகை, ஒயர் உள்ளது. ப்ளூடூத் கூடவே கூடாது, பாடுவது ஒரு நேரம், கேட்பது ஒரு நேரம் ஆகிவிடும். பாஸைத் தூக்கிக் கொடுப்பதாக விளம்பரம் செய்யும் வகையும் வேண்டாம். ஸ்டுடியோ மானிட்டர் ஸ்பீக்கர் இப்போது வேண்டவே வேண்டாம். அந்தச் சதுர அறையில் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் பொய்தான் சொல்லும். மிக்ஸ் முடிந்ததும் ஹெட்போனில் ஒரு தடவை, போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை, தெரிந்தவர் ஜீப்பில் ஒரு தடவை கேளுங்கள். மூன்றிலும் பாட்டின் வரிகள் புரிந்தால் மிக்ஸ் சரி.

பதிவு சாஃப்ட்வேருக்கு இப்போதைக்குச் செலவு இல்லை. ரீப்பர் பழைய லேப்டாப்பிலும் லேசாக ஓடும். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பிறகு தனிநபர் உரிமம் வாங்கிக்கொள்ளலாம். ஒடாசிட்டி முற்றிலும் இலவசம், ஆனால் பல ட்ராக் வைத்துப் பாட்டு கட்டுவதற்கு ரீப்பர்தான் வசதி. பதிவு அமைப்பில் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வையுங்கள். ஒரு மோனோ ட்ராக் நிமிடத்துக்கு எட்டரை எம்பிக்குச் சற்று மேல் ஆகும். நான்கு நிமிடப் பாட்டில் பத்து ட்ராக் என்றால் 350 எம்பி அளவில். லேப்டாப் தாங்கும்.

கெயினை, அதாவது மைக் சிக்னலைப் பெருக்கும் அளவை, எவ்வளவு வைப்பது என்பதில்தான் புதியவர்கள் எல்லோரும் தவறுகிறார்கள். பாட்டின் மிக உரத்த வரியைப் பாடிப் பாருங்கள், மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். திரையில் அலை சின்னதாகத் தெரிகிறதே என்று கூட்டாதீர்கள். 24 பிட்டில் இடம் தாராளமாக இருக்கிறது, பின்னால் தூக்கிக்கொள்ளலாம். கிளிப் ஆன, அதாவது அளவு மீறி உடைந்த குரலை யாராலும் திருப்ப முடியாது. தன் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால் சாஃப்ட்வேர் அமைப்பில் பஃபரை (லேப்டாப் ஒரு தடவையில் சேர்த்து எடுக்கும் ஒலித் துண்டின் அளவை) 128க்கு இறக்குங்கள், 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கு 2.7 மில்லி நொடிதான். பழைய லேப்டாப் திணறினால் பஃபரை 512க்கே விட்டுவிட்டு, இன்டர்ஃபேஸின் டைரக்ட் மானிட்டரில் கேளுங்கள்.

பாடும்போது 'ப' வரும் இடமெல்லாம் 'புஃப்' என்று காற்று மோதும். ஒரு மெழுகுவர்த்தியை வாய்க்கு நேரே ஒரு சாண் தள்ளிப் பிடித்து "பாப்பா" என்று சொல்லுங்கள். சுடர் படுத்து எழும். அதையே வாய்க்கு ஒரு பக்கமாக மூன்று விரல் நகர்த்தி மறுபடி சொல்லுங்கள். சுடர் அசையாது, உங்கள் குரல் மட்டும் அங்கேயும் அதே அளவில் கேட்கும். மைக் இருக்க வேண்டிய இடம் அதுதான்: வாய்க்கு நேரே இல்லாமல் சற்று ஓரமாக, தலை மட்டும் வாயைப் பார்த்தபடி. இந்தக் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டருக்குப் பதிலாக எம்ப்ராய்டரி வளையத்தில் பழைய நைலான் ஸ்டாக்கிங்ஸை இழுத்துக் கட்டியும் பயன்படுத்தலாம், அதே வேலையைச் செய்யும்.

கிட்டாருக்கு மைக்கை ஓட்டைக்கு நேரே வைக்காதீர்கள், அங்கே வருவது வெறும் பொம். கழுத்தும் உடலும் சேரும் பன்னிரண்டாவது, பதினான்காவது ஃப்ரெட்டைப் பார்த்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கம்பியின் இனிமையும் மரத்தின் உடலும் சமமாக வரும். குரலையும் கிட்டாரையும் ஒரே நேரத்தில் ஒரே மைக்கில் எடுக்க வேண்டாம், முதலில் கிட்டார், அது ஓட ஓடக் குரல். கீபோர்டை ஸ்பீக்கரில் வாசித்து மைக்கில் பிடிக்காமல், கேபிள் போட்டு நேராகச் செருகுங்கள். குரல் ட்ராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டால் தூரத்து லாரி உறுமலும் படிக்கட்டில் நடக்கும் சத்தமும் பெரும்பாலும் போய்விடும்.

பறையோ, நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்களின் கொள் குழலோ உங்கள் பாட்டில் வர வேண்டும் என்றால் அவற்றை அந்த அறைக்குள் கொண்டுவராதீர்கள். திறந்த வெளியில் பிறந்த கருவிகள் அவை, பத்தடிச் சுவர்களுக்குள் காதைக் கிழிக்கும். காற்றில்லாத காலையில் புல்வெளியில் நிறுத்தி, ஏழெட்டு அடி தள்ளி ஒரே மைக், லேப்டாப் பேட்டரியில். சுவரே இல்லாததால் எதிரொலியும் இல்லை. நான் எடுத்ததில் மிகச் சுத்தமான தாளப் பதிவு அப்படி எடுத்ததுதான். வாசிப்பவர்களுக்கு உரிய பணம் கொடுங்கள், பாட்டை வெளியிடும்போது அவர்கள் பெயரையும் போடுங்கள்.

ஈரத்துக்கு ஆயிரம் ரூபாய் ஒதுக்குங்கள். காற்றுப் புகாத பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல் அரை கிலோ, சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. வேலை முடிந்ததும் மைக், கேபிள், இன்டர்ஃபேஸ், ஹெட்போன் எல்லாம் துடைத்து டப்பாவுக்குள். மீட்டரும் உள்ளேயே இருக்கட்டும், 50 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். நீல நிற ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நிறத்துக்குச் சேர்ப்பது கோபால்ட் உப்பு, அது நஞ்சு. சமையல் வாணலியில் வறுக்காதீர்கள், அதற்கென்று ஒரு பழைய பாத்திரம் வையுங்கள். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த எதையும் சூடான அறைக்குக் கொண்டுவந்த உடனே இயக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிவது போல உள்ளேயும் படியும். கிட்டாரையும் சுவரில் மாட்டி வைக்காதீர்கள், பெட்டிக்குள் ஒரு சிலிக்கா பையோடு வையுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊதிக் கம்பி உயரம் ஏறுவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

கணக்கைப் பார்ப்போம். இன்டர்ஃபேஸுக்கு 7,000, மைக்குக்கு 3,500, ஹெட்போனுக்கு 4,500. மைக் ஸ்டாண்டு, எக்ஸ்எல்ஆர் கேபிள், கீபோர்டு கேபிள் சேர்த்து 2,500. கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள், மூன்றே மாதத்தில் கரகரக்கும். அறைக்கு 4,500, ஈரத்துக்கு 1,000. மொத்தம் 23 ஆயிரம். மீதி 2,000த்தைத் தொடாதீர்கள், ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். விலை கடைக்குக் கடை மாறும். முடிந்தால் கீழே போய்க் கையில் எடுத்துப் பார்த்து, ஹெட்போனைத் தலையில் மாட்டி ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு வாங்குங்கள். கண்டென்சர் ஆசை போகாது என்று தெரியும். ஒரு வருடம் கழித்து, அந்த டப்பாவை ஒழுங்காகப் பயன்படுத்தும் பழக்கம் வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அந்த நான்கு மௌனப் பதிவுகளை முதலில் எடுங்கள். எதில் என்ன கேட்டது, ஜன்னல் எந்தச் சுவரில் இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, ஐந்தாவது கம்பி எங்கே உட்கார்ந்தால் அடங்குகிறது, இந்த நான்கையும் எழுதி அனுப்புங்கள். சட்டங்களை எங்கெங்கே நிறுத்துவது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.